மலை ஏறாத வண்டிக்கு காசு கொட்ட முன்னாடி இதெல்லாம் பாருங்க

ஆட்டோ பார்க்ல நின்னா வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து கேக்குறாங்க, அண்ணே வண்டி ஏத்தம் ஏற மாட்டேங்குது, கொறஞ்ச சல்லில இன்ஜின் பவர கூட்ட ஏதாவது வழி இருக்கா, ஃபில்டர மாத்தவா, சைலன்சர வெட்டவா, யாரோ ஒரு ஃபேன் மாதிரி சாமான் விக்கிறாங்களாமே அத போடவா அப்படின்னு. நானும் அத கேட்டுத் திரிஞ்சவன்தான். நுவரெலியா மலையில தலவாக்கல, லிந்துல, நானுஓயா பக்கம் ஹயர் ஓடி, ஒரு வருசம் முழுக்க கண்டத வாங்கிப் போட்டு, கடைசில வண்டிக்கு புதுசா எதுவும் தேவப்படல, இருந்த பவர்தான் எங்கயோ ஒழுகிப் போயிருந்துச்சுன்னு தெரிஞ்சப்போ செலவழிச்ச சல்லிக்கு ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் காபரேட்டரே வாங்கியிருக்கலாம். அதனால பவர கூட்டுறத பொறவு பாப்போம், எது எங்க போச்சுன்னு மொதல்ல அடையாளத்த வச்சு தேடுவோம். நான் எழுதுறது முக்கியமா ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோவுக்கும் காபரேட்டர், அதாவது காத்தையும் பெற்றோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற சாமான் வச்ச பைக்குக்கும், பழைய காருக்கும் பாதி பொருந்தும்.

தொடங்க முன்ன ஒரு கணக்கு. காத்து மேல போகப் போக மெலிசாகும், சாதாரண இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏத்தத்துக்கும் சுமாரா 3 வீதம் பவர விட்டுரும். நுவரெலியா 1868 மீட்டர், அப்போ கொழும்புல பத்து குதிரை இழுத்த இன்ஜின் அங்க கிட்டத்தட்ட எட்டுதான் இழுக்கும், ஹட்டன்ல எட்டே முக்கால். இது நோய் இல்ல. டர்போ வச்ச வண்டிக்குத்தான் இது அவ்வளவா தெரியாது, இன்ஜெக்ஷன் வண்டியும் பெற்றோல காத்துக்கு ஏத்த மாதிரி குறைச்சு கலவைய சரியா வச்சுக்குமே தவிர இல்லாத காத்த கொண்டு வராது. கம்பளையில மூணு பேர ஏத்திக்கிட்டு ரம்பொட வழியா மேல வந்தா 1300 மீட்டருக்கு மேல ஏறுறீங்க, கீழ மூணாம் கியர்ல ஏறின அதே மாதிரி ஏத்தத்த மேல ரெண்டாம் கியர்ல ஏறினா அதுக்கு கராஜுக்கு ஓட வேணாம். போன மாசம் ஏறின எடத்துல இந்த மாசம் ஏறலன்னாதான் ஏதோ இருக்கு.

கீழ நல்லா ஓடுது, மேல வந்தா மூச்சு முட்டுது, பின்னால கறுப்புப் புகை, பெற்றோல் வாசம்

நம்ம பக்கத்துல பாதி வண்டிக்கு இதுதான். காத்து மெலிசாயிருச்சு, காபரேட்டர்ல பெற்றோல் வர்ற ஜெட்டு அதே பழைய அளவு ஓட்டைதான், அப்போ பெற்றோல் கூடிப் போச்சு. இதுல வேற ஏதாவது சேந்தா இன்ஜின் இரும ஆரம்பிச்சுரும்.

மொதல்ல சோக்க பாருங்க, குளிருல ஸ்டார்ட் ஆக கலவையில பெற்றோல கூட்டுறது அதுதான். சிரிக்காதீங்க. காலையில குளிருக்கு சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணுவோம், ஜனவரி மாசம்னா இழுக்காம ஸ்டார்ட்டே ஆகாது, பொறவு லீவர உள்ள தள்ளுவோம், ஆனா கேபிள் துரு பிடிச்சு காபரேட்டர் பக்கத்துல பாதில நிக்கும். லீவர் உள்ள போயிருச்சுன்னு நம்பாம காபரேட்டர்கிட்ட கேபிள் முனைய விரலால அழுத்திப் பாருங்க, இன்னும் உள்ள போச்சுன்னா உங்க வியாதி அதுதான். ரெண்டு சொட்டு ஒயில் போதும்.

அடுத்தது ஏர் ஃபில்டர். தோட்டத்து ரோட்டுல வெயில் நாள்ல செம்மண் தூசி, மழை நாள்ல ஈரம், ரெண்டும் சேந்தா கடதாசி ஃபில்டர் களிமண் பூசின சுவரு மாதிரி ஆயிரும். கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரியலன்னா மாத்துங்க, கடதாசிய பெற்றோல்ல கழுவ வேணாம். ஸ்பொஞ்ச் ஃபில்டர்னா சோப்புத் தண்ணில கழுவி நல்லா காயவச்சு கொஞ்சம் ஒயில் தடவிப் பிழிஞ்சு போடலாம். ஃபில்டர் இல்லாம ஓட்டுனா புல்லிங் வருதுண்ணேன்னு ஒரு தம்பி சொன்னாரு. வரும், பழைய ஃபில்டர் அடச்சிருந்ததாலதான் வருது. ஆனா ஃபில்டர் இல்லன்னா அந்த தூசி நேரா சிலிண்டருக்குள்ள போயி பிஸ்டன் ரிங்க உப்புத்தாள் மாதிரி தேச்சுரும், கொஞ்ச நாள்ல நீலப் புகை வரும், அப்போ ரிங் மாத்த குடுக்கிற சல்லில பத்து ஃபில்டர் வாங்கலாம்.

பொறவு ப்ளக்க கழட்டுங்க, ஆனா சும்மா நிப்பாட்டி கழட்டினா பொய்தான் சொல்லும். ஒரு நல்ல ஏத்தத்துல ஃபுல்லா முறுக்கி ஏத்தி, அகலமான எடம் பாத்து, க்ளச்ச புடிச்சு உடனே இன்ஜின ஆஃப் பண்ணி ஓரம் கட்டி, சூடு ஆறினதும் கழட்டிப் பாருங்க. பால்தேத்தண்ணி நெறமா இருந்தா கலவை சரி. கரி மாதிரி காஞ்ச கறுப்புன்னா பெற்றோல் கூட. ஈரமா ஒயில் பிசுக்கோட கறுப்புன்னா ஒயில் எரியுது, அது வேற கத, கடைசில வரேன். வெள்ளையா சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தா பெற்றோல் பத்தல, இது ஆபத்து, கீழ சொல்றேன். ப்ளக் இடைவெளி அனேகமா 0.6ல இருந்து 0.8 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும், உங்க வண்டி புத்தகத்துல சரியா போட்டிருக்கும்.

சோக்கும் ஃபில்டரும் சரியா இருந்தும் கறுப்பா இருந்தாதான் காபரேட்டர்ல கை வைக்கணும். மேலயே ஓடுற வண்டிக்கு மெயின் ஜெட்ட ஒரு நம்பர் சின்னதா போடலாம், ஜெட்டு பெரிய வெல இல்ல. ஜெட்டுக்குள்ள எறங்குற ஊசி கிளிப் வச்சதா இருந்தா கிளிப்ப ஒரு காடி மேல போடுங்க, ஊசி கீழ எறங்கி பெற்றோல் குறையும். இதுல எல்லாரும் மாறிப் போற எடம் அந்த சின்ன ஸ்குரூ. அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா காத்து ஸ்குரூ, வெளிய திருப்பினா பெற்றோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தா பெற்றோல் ஸ்குரூ, வெளிய திருப்பினா பெற்றோல் கூடும். இது தெரியாம ரெண்டு நாள் நான் தலகீழா திருப்பிக்கிட்டு இருந்தேன். கால் சுத்து, கால் சுத்தா திருப்புங்க, தொடங்குறதுக்கு முன்ன உள்ள எத்தன சுத்து போகுதுன்னு எண்ணி எழுதி வச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. நுவரெலியாவுக்கு ஜெட்ட சின்னதாக்கிட்டு அதே வண்டிய எடுத்துக்கிட்டு கொழும்புக்கு கல்யாணத்துக்கு போகாதீங்க. கீழ காத்து கெட்டி, பெற்றோல் பத்தாது, இன்ஜின் கொதிச்சு பிஸ்டன் புடிச்சுரும். மேலயும் கீழயும் மாறி மாறி ஓடுறவங்க கம்பெனி ஜெட்டோடயே இருந்துட்டு கொஞ்சம் புகைய பொறுத்துக்கலாம். ஆனா வருசா வருசம் வண்டி லைசன் எடுக்க முன்ன புகைப் பரிசோதனை இருக்கே, அங்க ரொம்ப கறுப்பா போனா திருப்பி அனுப்பிருவாங்க, அது 2008ல இருந்து நமக்கு பழகுன கூத்துதானே.

இன்ஜின் கத்துது, வண்டி நகரல

சத்தம் மேல போகுது வேகம் போகல, லேசா எரிஞ்ச வாசமும் வருதுன்னா க்ளச் வழுக்குது, இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல. லீவர்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர் சும்மா ஆட்டம் இருக்கணும், கேபிள் இறுகி ஆட்டமே இல்லன்னா எப்பவும் பாதி க்ளச் புடிச்ச மாதிரி ஓடுது. அட்ஜஸ்டர திருப்புனா சரியாகலாம், செலவு சைபர்.

அது சரியா இருந்தும் வழுக்கினா கடைசியா என்ன ஒயில் மாத்துனீங்கன்னு யோசிங்க. ஆட்டோலயும் அனேகமான பைக்லயும் க்ளச்சு இன்ஜின் ஒயிலுக்குள்ளயே குளிச்சுக்கிட்டு இருக்கு. வீட்டுல மிச்சம் இருந்த கார் ஒயில ஊத்தினா, அது வழுக்கிறதுக்குன்னே மருந்து போட்ட ஒயிலா இருந்தா, க்ளச் பிளேட்டும் சேந்து வழுக்கும். டின்னுல ஜாசோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு (JASO MA, MA2) போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, எம்பின்னு போட்டது ஸ்கூட்டருக்கு. ஒயில மாத்தி நாலஞ்சு நாள் ஓட்டியும் வழுக்கினா பிளேட் தேஞ்சிருச்சு.

இன்ஜினும் கத்தல, வண்டியும் போகல, ரெண்டு மூட்ட மாவு கூட ஏத்தின மாதிரி இருக்கு

இதுலதான் நான் ஏமாந்தேன். ரதெல்ல குறுக்கு ரோட்டுல பயணிய எறக்கி நடக்க விட்டு வண்டிய ஏத்தின மானம் கெட்ட நாளெல்லாம் இருக்கு. ஒரு கடையில ஏர் பைப்புக்குள்ள வைக்கிற சின்ன ஃபேன் ஒண்ண வித்தாங்க, காத்த சுழட்டி உள்ள அனுப்புமாம், வாங்கினேன். பொறவு பெற்றோல் பைப்புல கட்டுற காந்தம், அதையும் வாங்கினேன். ரெண்டும் ஒண்ணும் பண்ணல, ஃபேனு காத்துக்கு குறுக்க நின்னு இன்னும் மோசமாக்குச்சு. எங்க மாமா ஒருத்தர் தேயில ஃபேக்டரில மெஷின் ஃபிட்டரா இருந்து ஓய்வு எடுத்தவரு, அவரு வந்து இன்ஜின் மூடியகூட தொறக்கல. வண்டிய எடுத்து பிரேக்கே புடிக்காம ஒரு ஏத்தம் ஏத்திக்கிட்டு வந்து நிப்பாட்டி, மூணு சக்கரத்து பிரேக் டிரம் மேலயும் போத்தல்ல இருந்து கொஞ்சம் தண்ணி தெளிச்சாரு. ரெண்டு சும்மா நனைஞ்சுச்சு, பின்னால எடது பக்கம் சுர்ர்னு ஆவி பறந்துச்சு. அவ்வளவுதான். ஏத்தத்துல பிரேக் புடிக்காம வந்த டிரம் சூடாக அனேகமா ஒரே காரணந்தான், உள்ள பிரேக் ஷூ விடாம உரசுது. உள்ள ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒடஞ்சு கெடந்துச்சு, அது விக்கிற வெலய சொன்னா எனக்கு வெக்கம்.

நீங்களும் அப்படியே பாருங்க, கைய வச்சுப் பாக்க வேணாம், சுட்டுரும். இல்லன்னா ஒவ்வொரு சக்கரமா ஜாக் போட்டு நியூட்ரல்ல கையால சுத்துங்க, ஒரு தள்ளுக்கு ஒண்ணு ரெண்டு சுத்தாவது சுத்தணும். மத்த சக்கரத்துக்கு கல்லு வைக்காம நம்ம ஊரு தரையில ஜாக் போடாதீங்க, சமமான எடம் எங்க இருக்கு நமக்கு. பிரேக் சரின்னா பேரிங், அப்புறம் டயர் காத்து. காத்து கொறஞ்ச டயர் ஏத்தத்துல சகதில இழுக்கிற மாதிரி இழுக்கும்.

இதே அடையாளத்துக்கு இன்னொரு ஓசி வைத்தியம், முறுக்கு கேபிள், அதாவது ஆக்சிலேட்டர் கேபிள். பழைய கேபிள் நீண்டு போயிரும், நீங்க கைய முழுசா முறுக்குவீங்க, காபரேட்டர் உள்ள முக்காவாசிதான் தொறக்கும். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஃபில்டர் பக்கத்து ரப்பர கழட்டி, ஒருத்தர முழுசா முறுக்கச் சொல்லி உள்ள எட்டிப் பாருங்க, கேபிள் நேரா ஸ்லைட தூக்குற காபரேட்டரா இருந்தா, உள்ள மேல கீழ போற அந்த ஸ்லைடு ஓட்டைய விட்டு முழுசா மேல போகணும். போகலன்னா அட்ஜஸ்ட் பண்ணுங்க, ஆனா கைய விட்டதும் தானா கீழ வரணும், ஹேண்டில ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்து சத்தம் கூடுதான்னும் பாத்துக்கோங்க. பவர் கூட்டுற வேலைன்னு சொன்னா இதத்தான் சொல்லணும், காவாசி இன்ஜின் சும்மா கெடைக்குது.

நல்லாத்தான் ஏறிச்சு, பத்து பதினஞ்சு நிமிசத்துல இழுத்து இழுத்து செத்துப் போச்சு, கொஞ்சம் நின்னா திரும்ப ஓடுது

டேங்க் மூடிய தொறங்க. ஸ்ஸ்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டு உடனே வண்டி ஸ்டார்ட் ஆனா மூடில இருக்க சின்ன காத்து ஓட்டை அடச்சிருக்கு. மெல்லிய கம்பியால குத்தி விடுங்க. சத்தம் இல்லன்னா டேங்குக்கு கீழ இருக்க வலைய பாருங்க, பொறவு காபரேட்டர் அடிக்கிண்ணத்துல வடிக்கிற ஸ்குரூவ திருப்பி ஒரு கண்ணாடிக் கிளாஸ்ல வடிச்சுப் பாருங்க, அடியில தனியா உருண்ட உருண்டையா நின்னா தண்ணி. நம்ம பக்கம் பனிமூட்டத்துலயும் மழையிலயும் பாதி டேங்கோட வண்டி ராத்திரி முழுக்க வெளிய நிக்குது, தண்ணி சேரத்தான் செய்யும். 2022ல கியூல நின்னு வாங்கின பெற்றோல கேன்ல மாசக்கணக்கா ஒளிச்சு வச்சு ஊத்தினவங்க நெறய பேருக்கு ஜெட்டுல பிசின் மாதிரி ஒட்டி அடச்சுச்சு, அத ஊசி போட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிரும், காபரேட்டர் கிளீனரும் காத்தும் போதும்.

இதெல்லாம் சரியா இருந்தா ப்ளக்குக்கு மின்சாரம் குடுக்கிற கொயில் சூட்டுல செத்துப் போகுதான்னு பாக்கணும், நின்ன உடனே ஒரு நல்ல ப்ளக்க மாட்டி பொறி வருதான்னு பாருங்க.

ஏத்தத்துல முறுக்கினா டிக் டிக்னு கல்லு தட்டுற சத்தம்

முறுக்க விட்டுட்டு ஒரு கியர் கொறைங்க, மொதல்ல அத செய்யிங்க, காரணத்த பொறவு தேடலாம். அது பெற்றோல் ஒழுங்கா எரியாம நேரம் தப்பி தானா வெடிக்கிற சத்தம், பிஸ்டன் தலைய சுத்தியலால அடிக்கிற மாதிரி. மண்ணெண்ண கலந்த பெற்றோலா இருக்கலாம், ப்ளக் வெள்ளையா இருந்தா பெற்றோல் பத்தாம இருக்கலாம், காபரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்க ரப்பர் வெடிச்சு காத்து திருடினாலும் இப்படித்தான். ஐடில்ல ஓட விட்டு அந்த ரப்பர சுத்தி தண்ணி ஸ்பிரே பண்ணுங்க, ஐடில் சத்தம் மாறிச்சுன்னா அங்கதான் வெடிப்பு.

பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கார் வச்சிருக்கவங்க டைமிங்க, அதாவது ப்ளக் பொறி வர்ற நேரத்த, முன்னால தள்ளி பவர் எடுப்பாங்க. மேல காத்து மெலிசா இருக்கதால கொஞ்சம் தாங்கும், உண்மதான், ஆனா அப்படியே கண்டிய தாண்டி கீழ எறங்கிட்டு திரும்பி வரும்போது கடுகண்ணாவ ஏத்தத்துல முழுப் பாரத்தோட முறுக்கினா தட்ட ஆரம்பிக்கும். 95 ஒக்டேன் ஊத்தினா பவர் கூடுமான்னு கேக்குறாங்க. தட்டுற வண்டிக்கு தட்டாம இருக்க அது உதவும், 92ல தட்டாம ஓடுற ஆட்டோவுக்கு ஊத்தினா பவர் ஏறாது, சல்லிதான் எறங்கும். பெற்றோல்ல பூச்சி உருண்ட போடுற ஆளுங்களும் இருக்காங்க இன்னும், அது காபரேட்டருக்குள்ள திரும்ப கட்டியாகி ஜெட்ட அடைக்கும், அந்த உருண்டைய அலுமாரிலயே விட்டுருங்க.

குளிருல ஓடுது, சூடானா புல்லிங் இல்ல, நிப்பாட்டினா திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்

ஃபோர் ஸ்ட்ரோக்ல இது டப்பெட்டா, அதாவது வால்வுக்கும் அத அழுத்துற ராக்கருக்கும் நடுவுல இருக்க இடைவெளியா இருக்க வாய்ப்பு கூட. டப்பெட் சத்தம் கேட்டா எல்லாருக்கும் காது கூசும், கராஜ்ல இறுக்கச் சொல்லுவோம், சத்தம் நின்னதும் மெக்கானிக் பாஸுக்கு நன்றி சொல்லிட்டு வருவோம். ஆனா லூசா இருக்க டப்பெட் கத்துமே தவிர அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது, இறுகின டப்பெட்தான் சத்தமில்லாம கொல்லும். சூட்டுல வால்வு நீளுது, இடைவெளி இல்லன்னா முழுசா மூடாது, அந்த நூல் அளவு சந்துல நெருப்பு போயி எக்ஸாஸ்ட் வால்வ எரிச்சுரும். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ், ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்ல, பிஸ்டன் மேல வந்து ரெண்டு வால்வும் மூடியிருக்க நேரத்துல, அதாவது ரெண்டு ராக்கரும் கொஞ்சம் ஆடுற எடத்துல, புத்தகத்துல போட்டிருக்க அளவுக்கு வைங்க. கேஜ் தகடு லேசா இழுத்துக்கிட்டு வரணும்.

எல்லாம் சரியா இருக்கு, இன்னும் கொஞ்சம் வேணும்

பைக்னா மலிவான நல்ல வழி செயின் ஓடுற முன் பல்சக்கரத்துல, ஸ்ப்ரொக்கெட்ல, ஒரு பல்லு கொறைக்கிறது. 14 பல்ல 13 ஆக்கினா சக்கரத்துல இழுவ சுமார் 7 வீதத்துக்கு மேல கூடும், அவ்வளவு வேகம் கீழ கொறையும், மலையில யாரு நூறுல போறா. பின்னால 42ஐ 45 ஆக்கினாலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், ஆனா அதுக்கு செயின் நீளம் பத்தாம போகலாம். இன்ஜின் பவர் ஒரு துளிகூட கூடல, அது மனுசன் சுமைய கைய மாத்தி தூக்குற மாதிரி. ஆட்டோவுக்கு செயின் இல்லாததால இந்த வழி இல்ல, ஆனா அழகுக்கு பெரிய டயர் மாட்டினவங்க இதையே தலகீழா பண்ணியிருக்காங்க, டயர் உயரம் பத்து வீதம் கூடினா இழுவையும் கிட்டத்தட்ட பத்து வீதம் போச்சு. பழைய டயரையே போடுங்க. சீட்டுக்கு பின்னால ரெண்டு பெரிய ஸ்பீக்கர் பொட்டி, மேல இரும்பு கெரியர், பக்கத்துல ஸ்டீல் பைப்பு, இதெல்லாம் கூட்டிப் பாத்தா ஒரு ஆளு ஓசில ஏறி உக்காந்திருக்க மாதிரி.

சைலன்சர வெட்டுறது வேணாம். ஃபோர் ஸ்ட்ரோக்ல சத்தம் ஏறும், கீழ் வேக இழுவை குறையும், ஏத்தத்துக்கு வேண்டியதே அந்த கீழ் வேக இழுவதான். 2025 தொடக்கத்துல சத்தம் போடுற சைலன்சரையும் கூடுதல் சாமானையும் பொலிஸ் நிப்பாட்டி கழட்ட வச்சத பாத்தீங்கதானே. டூ ஸ்ட்ரோக் வச்சிருக்க பழைய ஆளுங்களுக்கு மட்டும் சைலன்சர்ல வேல இருக்கு, வெட்டாம கழட்டி உள்ள இருக்க கரிய சுரண்டுங்க, பைப்பே பாதி மூடி இருக்கும், பெற்றோல்ல கலக்குற ஒயிலையும் புத்தகத்துல போட்டிருக்க அளவ விட்டுட்டு கையளவுல ஊத்தாதீங்க.

மேல சொன்ன எதுலயும் சிக்கல, ஒயிலும் எரியுது

இப்போதான் சிலிண்டருக்குள்ள அமுக்கம் எவ்வளவுன்னு அளக்கிற கம்ப்ரெஷன் கேஜ். பார்க்ல யார்கிட்டயாவது கடன் வாங்கலாம். இன்ஜின சூடாக்கி, ப்ளக்க கழட்டி கேஜ மாட்டி, முறுக்க முழுசா தொறந்து வச்சு, ஊசி மேல போறது நிக்கிற வரைக்கும் ஸ்டார்ட்டர் அடிங்க, நம்பர எழுதிக்கோங்க. பொறவு ப்ளக் ஓட்டை வழியா ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஒயில ஊத்தி திரும்ப அடிங்க. நம்பர் நல்லா ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஒயில் அந்த சந்த அடச்சதால ஏறுது. ஏறாம அப்படியே நின்னா வால்வு இல்லன்னா ஹெட் கேஸ்கட், அதுக்கு ஹெட்ட கழட்டணும், லயத்து வாசல்ல மழைக்கு தார்ப்பாய் கட்டிக்கிட்டு நான் ஒருக்கா கழட்டினேன், மாட்டும்போது ஒரு நட்டு மிச்சம் இருந்துச்சு, மறுநாள் எல்லாத்தையும் பையில போட்டு பாஸ்கிட்ட தூக்கிக்கிட்டு போனேன்.